எந்த கார்டியோ உங்களுக்கு ஒத்துவரும்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

வாக்கிங் போதுமா, ஓடினால்தான் பலனா, சைக்கிள் வாங்கலாமா, நீச்சலில் சேரலாமா? கார்டியோ, அதாவது இதயத்துடிப்பை ஏற்றும் உடற்பயிற்சி, தொடங்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் தேடி யூடியூபைத் திறந்தால், ஓட்டத்தை மிஞ்ச எதுவும் இல்லை என்பார் ஒருவர். ஓடினால் முட்டி போய்விடும் என்று பயமுறுத்துவார் அடுத்தவர். இரண்டையும் கேட்டுக் குழம்பி, அந்த மாதம் எதையுமே தொடங்காமல் விட்டவர்கள் நிறைய பேர்.

நீங்கள் நடக்கிறீர்களா, நீந்துகிறீர்களா என்று உங்கள் இதயத்துக்குத் தெரியாது. துடிப்பு எவ்வளவு ஏறியது, எவ்வளவு நேரம் அப்படியே நின்றது, அடுத்த வாரமும் ஏறியதா என்பதுதான் அதற்குக் கணக்கு. ஆனால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் குதிகாலுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். உங்கள் வேலை நேரத்துக்கும் தெருவுக்கும்கூடத் தெரியும். அதனால் எந்த கார்டியோ இதயத்துக்கு உசத்தி என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். உங்கள் மூட்டும் உங்கள் நாளும் எதைத் தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வழியில்தான் போகிறது.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. லண்டனின் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து, ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே வண்டி ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுப்பதற்காகப் படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்துப் படி ஏறவில்லை. ஆனால் தினமும் ஏறினார்கள்.

எவ்வளவு, எந்த வேகத்தில்

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்திலோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான வேகத்திலோ உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. இரண்டையும் கலந்தும் செய்யலாம். கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் செய்தால்தான் கணக்கில் வரும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் என்று பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும்.

மிதமான வேகம் எது, கடுமையான வேகம் எது என்று கண்டுபிடிக்க வாட்ச் தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பிடித்த பாட்டின் பல்லவியைப் பாடினால் இரண்டாவது வரியில் மூச்சு முட்டுகிறது என்றால் அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அது கடுமையானது. முழுப் பாட்டையும் சாவகாசமாகப் பாட முடிகிறது என்றால் நீங்கள் உலாவிக்கொண்டிருக்கிறீர்கள். உலாவுவதும் நல்லதுதான், ஆனால் இந்த 150 நிமிடத்தில் அதைச் சேர்க்காதீர்கள். நடைக்கு இன்னொரு எளிய அளவும் இருக்கிறது: நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. 15 வினாடிக்கு அடிகளை எண்ணுங்கள். 25 வந்தால் மிதமான வேகத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

நாடித்துடிப்பை வைத்துப் பார்க்க விரும்புபவர்கள் 220-லிருந்து வயதைக் கழிக்கிறார்கள். 45 வயது என்றால் 175. அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது 112 முதல் 133 வரை மிதமான வேகம். இது தோராயமான கணக்கு. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் வருவது சாதாரணம். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் அந்த மருந்து துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். வாட்ச்சில் 120 வரவேண்டும் என்று அவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து. பேச்சுச் சோதனையே அவர்களுக்குச் சரி.

தினமும் 10,000 அடி நடந்தே ஆகவேண்டும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே பேசிவிடலாம். 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது. வயதான அமெரிக்கப் பெண்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை. 3,000 அடியில் இருப்பவர் 5,000-க்குப் போவது பெரிய முன்னேற்றம். 10,000 எட்டவில்லையே என்று சோர்ந்து உட்காரத் தேவையில்லை.

படி 1: டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்கம், படி ஏறினால் வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல், தலைசுற்றல், மயக்கம், படபடப்பு. இவற்றில் ஏதேனும் உங்களுக்கு இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே இதய நோய், சிறுநீரகப் பிரச்சினை, கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷர் இருப்பவர்களும் அப்படியே. கர்ப்பிணிகள் தங்களைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இந்தக் குறை எதுவும் இல்லாதவர் மெதுவான நடையில் தொடங்க யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

சுகர் உள்ளவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023 ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால் இதைப் படிப்பவர்களில் பலருக்கும், அல்லது அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் இது பொருந்தும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சியின்போது சுகர் சட்டென்று இறங்கலாம். தொடங்கும் முன் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டோ கொஞ்சம் சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். புல்லில் வெறுங்காலில் நடந்தால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. பயிற்சி முடிந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கண்ணில் விழித்திரைப் பாதிப்பு இருந்தால் குதிக்கும் பயிற்சிகளைக் கண் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

படி 2: எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் இரண்டு வாரம் நடை

சைக்கிளுக்கோ ஜிம்முக்கோ பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வாரம் வெறும் நடை. வாரம் 5 நாள், தினம் 20 நிமிடம். முதல் 5 நிமிடம் மெதுவாக, நடுவில் 10 நிமிடம் பேச்சுச் சோதனை வேகத்தில், கடைசி 5 நிமிடம் மறுபடியும் மெதுவாக.

இந்த இரண்டு வாரம் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள. எந்த நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப முடிகிறது? காலை 5.30-க்கு அலாரம் வைத்துவிட்டு எத்தனை நாள் உண்மையில் எழுந்தீர்கள்? முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறதா, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறதா? தனியாக நடப்பது பிடிக்கிறதா, துணைக்கு ஆள் இருந்தால்தான் கால் நகர்கிறதா? இவற்றை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவையுங்கள். அடுத்த படியில் தேர்வு செய்வது இந்தச் சீட்டை வைத்துத்தான்.

படி 3: ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

நடை. செலவு ஒரு ஜோடி ஷூ மட்டும்தான். ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதால் மூட்டில் விழும் அடி குறைவு. பார்வை முன்னால் பத்துப் பதினைந்து அடி தூரத்தில், முழங்கை மடங்கி, கை முன்னும் பின்னும் வீசட்டும். வேகம் கூட்ட நினைக்கும்போது காலை எட்டி வைக்காதீர்கள், அடிகளை வேகமாக வையுங்கள். எட்டி வைத்தால் குதிகால் தரையில் மோதி முட்டிக்குத்தான் வலி.

கோவை ரேஸ் கோர்ஸ் பாதையிலோ மெரினா நடைபாதையிலோ காலை நேரத்தில் பாருங்கள். நாலு பேர் வரிசையாக, அரசியலும் வீட்டு விஷயமும் பேசிக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்பார்கள். அவர்களில் பலர் பாடவும் முடியும் வேகத்தில்தான் போகிறார்கள். நண்பர்களை விடவேண்டாம். நடுவில் மூன்று முறை, 5 நிமிடம் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக நடந்தால் அதே ஒரு மணி நேரத்தின் பலன் வேறு மாதிரி ஆகிவிடும். சுகர் உள்ளவர்களுக்கு இன்னொரு யோசனை: சாப்பிட்ட பிறகு 10-15 நிமிட நடை. உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது குறைக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் நடந்தாலே போதும்.

தமிழக அரசு 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. உங்கள் ஊரில் எந்தப் பாதை என்று தெரிந்துவைத்துக்கொண்டால் இடம் தேடும் வேலை மிச்சம்.

ஓட்டம். நேரம் இல்லாதவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. கடுமையான வேகத்தில் 75 நிமிடம் போதும் என்பதால் வாரம் 3 நாள், 25 நிமிடம் ஒதுக்கினால் கணக்கு முடிந்தது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. இதனால் முட்டி தேய்ந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் அது 10.2 சதவீதம். ஓட்டம் முட்டியைக் காக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, முட்டி நன்றாக இருப்பவர்கள்தான் ஓட்டத்தில் நிலைத்தும் இருப்பார்கள். ஆனால் அளவாக ஓடினால் முட்டி கெடும் என்று பயப்படவும் இதில் இடமில்லை.

புதிதாக ஓடுபவர்களுக்கு உண்மையான பிரச்சினை வேறு. மூச்சு மூன்று வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழகப் பல மாதம் ஆகும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று தூரத்தைச் சட்டென்று கூட்டும்போதுதான் கணுக்காலுக்கு மேலே, கீழ்க்காலின் உள்பக்க எலும்பை ஒட்டி வலி வரும். அதனால் ஓட்டமும் நடையும் கலந்து தொடங்குங்கள்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி 8 முறை. தொடக்கத்தில் ஓடும்போதும் பேச முடிய வேண்டும், கடுமையான வேகத்தின் 75 நிமிடக் கணக்கு பழகிய பிறகுதான். பேச முடியவில்லை என்றால் அது வேகம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் மெதுவாக ஓடுங்கள். நடப்பவர் உங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

கடற்கரை மணலில் ஓடுவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் கால் புதையும் மணலில் அதே வேகத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும், கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அலை ஓரத்தில் தரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். புதியவர்கள் மண் பாதையிலோ பள்ளி மைதானத்திலோ தொடங்குவது நல்லது. உடல் எடை மிக அதிகமாக இருப்பவர்கள் மூன்று மாதம் நடையோ சைக்கிளோ முடித்துவிட்டு ஓட்டத்துக்கு வரட்டும்.

சைக்கிள். உடல் எடையை சீட்டு தாங்கிக்கொள்வதால் முட்டி வலி உள்ளவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் நல்ல துணை. ஆனால் இங்கே முட்டி வலி வந்தது என்று சொல்பவர்களின் சைக்கிளைப் பார்த்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்ந்திருக்கும். நின்றால் இரண்டு காலும் தரையில் முழுக்கப் படவேண்டும் என்று கடையில் கேட்டு இறக்கி வாங்கிவிடுகிறோம். அப்படி இருந்தால் மிதிக்கும்போது முட்டி அதிகம் மடங்கி, முட்டிச்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். சரிபார்க்க ஒரு வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடி மட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அப்படி நீளும் அளவுக்குச் சீட்டை ஏற்றுங்கள். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால் முட்டி லேசாக மட்டுமே மடங்கும்.

இன்னொன்று, கனமான கியரில் மெதுவாக மிதிப்பதைவிட லேசான கியரில் வேகமாக மிதிப்பது முட்டிக்கு நல்லது. கியர் இல்லாத பழைய சைக்கிளும் தாராளமாகப் போதும். டிராஃபிக்தான் பெரிய குறை. காலை 6.30-க்குள் திரும்பிவிட முடியாத நகரவாசிகளுக்கு வீட்டிலோ ஜிம்மிலோ நிற்கும் சைக்கிளே பாதுகாப்பு. ரோட்டில் போனால் ஹெல்மெட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் கட்டாயம்.

நீச்சல். மூட்டு வலி, முதுகு வலி, அதிக எடை மூன்றுக்கும் தண்ணீர் பெரிய ஆறுதல். சென்னையில் மெரினாவிலும் வேளச்சேரியிலும் அரசு நீச்சல் குளங்கள் இருக்கின்றன, பல மாவட்ட விளையாட்டு அரங்கங்களிலும் உண்டு. ஆனால் நீச்சல் தெரியாதவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: முதல் ஒன்றிரண்டு மாதம் நீங்கள் கற்பது நீச்சல், அது இன்னும் கார்டியோ ஆகவில்லை. 10 மீட்டருக்கே மூச்சு முட்டி நிற்பீர்கள். அது இதயத்தின் குறை அல்ல, தண்ணீருக்குள் மூச்சை விடப் பழகாததுதான். அதுவரை மார்பளவு தண்ணீரில் வேகமாக நடங்கள், அதுவே நல்ல பயிற்சி. கிராமத்துக் கிணற்றிலும் ஏரியிலும் நீந்துபவர்கள், எவ்வளவு தேர்ந்தவர்களாக இருந்தாலும் தனியாக இறங்கவேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் குளத்தில்கூடத் தனியாக இறங்கக் கூடாது.

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் பொதுவான ஒரு குறை, எலும்புக்கு வேலை கிடைப்பதில்லை. உடல் எடையைத் தாங்கி நடக்கும்போதும் ஓடும்போதும்தான் எலும்பு உறுதியாகும். மாதவிடாய் நின்ற பெண்கள் இவற்றைத் தேர்ந்தெடுத்தால், வாரத்தில் இரண்டு நாள் நடையும் எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கிப்பிங், படிக்கட்டு. இடமே இல்லாதவர்களுக்கு. கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் வரை வரவேண்டும், அதுதான் சரியான நீளம். தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பினால் போதும். 30 வினாடி குதித்து 30 வினாடி நின்று, மொத்தம் 5 நிமிடத்தில் தொடங்குங்கள். குதிகால் வலி உள்ளவர்கள் வேண்டாம். அபார்ட்மென்ட் மாடிப்படியும் அருமையான கருவிதான். ஏறுவது இதயத்துக்கு வேலை, இறங்குவதுதான் முட்டிக்குச் சுமை. முட்டி சரியில்லாதவர்கள் படியில் ஏறி லிஃப்டில் இறங்குங்கள்.

ஷட்டில். தெருவுக்குத் தெரு உள்ளரங்கம் வந்துவிட்டதால் பேட்மின்டன் இப்போது பலருக்கும் எட்டுகிறது. விளையாட்டு என்பதால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. கார்டியோவில் இப்படி ஒரு வரம் வேறு எதற்கும் இல்லை. ஆனால் இதில் வேகம் உங்கள் கையில் இல்லை, எதிரே நிற்பவர் கையில் இருக்கிறது. பத்து வருடம் எதுவும் செய்யாத 45 வயதுக்காரர் முதல் நாளே ஆவேசமாக ஆடுவதுதான் எனக்குக் கவலை தரும் விஷயம். ஆறு வாரம் நடந்து உடலைத் தயார் செய்துவிட்டு, 10 நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொண்டு, இரட்டையர் ஆட்டத்தில் தொடங்குங்கள். ஓடும் ஷூவில் ஆடினால் கணுக்கால் பிசகும், இதற்கென்று தட்டையான ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிம் கருவிகள். டிரெட்மில்லில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வேலையில் ஒரு பங்கைக் கை எடுத்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்துவிட்டுக் கையை விடுங்கள். கிராஸ் டிரெய்னரில் பாதம் பெடலை விட்டு எழாததால் மூட்டுக்கு இதம். துடுப்புப் போடும் கருவியில் கையால் இழுக்காதீர்கள், முதலில் காலால் தள்ளி அதன் பிறகு இழுக்க வேண்டும். ஜும்பாவும் நடனமும் குழுவாகச் செய்யப் பிடித்தவர்களுக்கு மிகப் பொருத்தம்.

தபாட்டா, எச்ஐஐடி (இடையிடையே ஓய்வு விட்டு மிகக் கடுமையாகச் செய்யும் பயிற்சி). 4 நிமிடத்தில் பலன் என்று வரும் வீடியோக்களுக்கு மூலம் இசுமி தபாட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு. 20 வினாடி முழு வேகம், 10 வினாடி ஓய்வு, ஏழெட்டு முறை. அதைச் செய்தவர்கள் விளையாட்டுப் பயிற்சி உள்ள இளைஞர்கள், செய்தது நிற்கும் சைக்கிளில். அடுத்த முறை மிதிக்கவே முடியாத அளவுக்கு அவர்கள் களைத்துப்போனார்கள். வீட்டு ஹாலில் வீடியோ பார்த்துக் குதிப்பது அது அல்ல. முதல் 8 வாரத்துக்கு இது வேண்டாம். பிறகு, நடையிலோ சைக்கிளிலோ 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவாக என்று 6 முறை, வாரத்தில் ஒரே ஒரு நாள் செய்து பாருங்கள்.

படி 4: சீட்டை எடுத்துத் தேர்வு செய்யுங்கள்

இரண்டு வாரச் சீட்டில் முதலில் வலியைப் பாருங்கள். முட்டியோ குதிகாலோ வலித்திருந்தால் ஓட்டம், ஸ்கிப்பிங், ஷட்டில் மூன்றையும் இப்போதைக்கு அடித்துவிடுங்கள். மிச்சம் நடை, சைக்கிள், நீச்சல், கிராஸ் டிரெய்னர். அடுத்து நேரம். நாளுக்கு 20 நிமிடத்துக்கு மேல் கிடைக்காது, வலியும் இல்லை என்றால் ஓட்டமும் நடையும் கலந்தது. அடுத்து இடம். போய்ச் சேரவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் குளமோ ஜிம்மோ எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூன்றாவது மாதம் அங்கே போகமாட்டீர்கள். வீட்டு வாசலில் தொடங்குவதை எடுங்கள். கடைசியில் ஆசை. மிச்சம் இருப்பவற்றில் எதைச் செய்ய மனது துள்ளுகிறதோ அது.

இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஐடி ஊழியருக்கு விடியற்காலை நடை சரிப்படாது. தூங்கி எழுந்து, வேலைக்குக் கிளம்பும் முன் மாலை 5 மணிக்கு நிற்கும் சைக்கிள் ஒத்துவரும். வீட்டு வேலையும் பிள்ளைகளும் பிடித்துவைக்கும் பெண்களுக்கு ஒரு மணி நேரம் மொத்தமாகக் கிடைக்கவே கிடைக்காது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் 15 நிமிடம், மாலையில் மாடியில் 15 நிமிடம் என்று உடைத்துக்கொள்ளலாம். அந்த அரைமணி நேரத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுப்பது வீட்டில் இருக்கும் மற்றவர்களின் பொறுப்பு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் நடைப்பயிற்சிக்கு ஆண் மட்டுமே கிளம்புகிறார்.

ஒன்றைத் தேர்ந்ததும், மாற்றாக இன்னொன்றையும் எழுதிவையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மழைநாளுக்கு வீட்டுக்குள் செய்ய ஸ்கிப்பிங்கோ, படியோ, நின்ற இடத்தில் நடப்பதோ இருக்க வேண்டும்.

படி 5: எட்டு வாரம்

முதல் 2 வாரம் நடந்தாகிவிட்டது. 3, 4-ம் வாரங்களில் தேர்ந்த பயிற்சியை வாரம் 3 நாள், 20 நிமிடம் செய்யுங்கள், மற்ற 2 நாள் நடை. 5, 6-ல் அதை 25-30 நிமிடம் ஆக்குங்கள். 7, 8-ல் வாரம் 5 நாள், 30 நிமிடம். 150 நிமிடம் வந்துவிட்டது. முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு நாட்களை, வேகத்தைக் கடைசியில். மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. 4-ம் வாரத்திலிருந்து 2 நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பதும் 10 நிமிடம் சேருங்கள்.

நடுவில் ஒரு வாரம் காய்ச்சலோ கல்யாணமோ வந்து விட்டுப்போனால், விட்ட இடத்துக்கு முந்தைய வாரத்திலிருந்து தொடருங்கள். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி வேண்டவே வேண்டாம்.

வெயிலும் நாயும்

சென்னை போன்ற கடலோர ஊர்களில் பிரச்சினை வெப்பத்தைவிட ஈரப்பதம். வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஏப்ரல், மே மாதங்களில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் துடிப்பு அதிகம் இருப்பது அந்த மாதங்களில் இயல்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ குடிக்கலாம். அரைமணி நடைக்குத் தண்ணீர் போதும், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் தேவையில்லை. தலைவலி, குமட்டல், உளறல் இருந்தால் உடனே நிழலுக்குப் போய் உடம்பை நனையுங்கள். உளறலோ மயக்கமோ வந்தால் 108-க்கு அழைக்க வேண்டும்.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி, நாய்க்கு முதுகு காட்டாமல், அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் மெதுவாகப் பின்வாங்கி விலகுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

எடை குறையுமா?

70 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் ஒன்றிரண்டு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு சமன். கார்டியோவால் மட்டும் எடை வேகமாகக் குறையாது, சாப்பாட்டிலும் கை வைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் எடை இறங்கவில்லை என்று நடையை விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அதே இரண்டு மாதத்தில் அவர்களுடைய பிரஷரும் சுகரும் தூக்கமும் சீராகத் தொடங்கியிருக்கும். எடை மெஷினில் அது தெரியாது.

தெரிவது வேறு இடத்தில். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி நாடியை எண்ணி நாலால் பெருக்குங்கள். முதல் வாரம் எழுதிவையுங்கள், 8-ம் வாரம் மறுபடி எண்ணுங்கள். நாலைந்து துடிப்பு குறைந்திருந்தால் நல்ல அறிகுறி. ஒரே பாதையை ஒரே வேகத்தில் நடக்கும்போது முன்பைவிட நீளமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூன்றாவது மாடி ஏறி நின்றதும் எத்தனை நொடியில் மூச்சு சமநிலைக்கு வருகிறது என்பதும் நம்பகமான அளவு.

எட்டு வாரம் முடிந்ததும் வலியை மறுபடி கணக்கெடுங்கள். பயிற்சிக்கு மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்து இரண்டு நாளில் போனால், அது தசை பழகும் வலி, தொடரலாம். ஒரே பக்கம், ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்ட முடிகிற வலி, அல்லது உங்களை நொண்ட வைக்கும் வலி என்றால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, சைக்கிள், நீச்சல் போல மூட்டுக்கு அடி விழாத ஒன்றுக்கு ஒரு வாரம் மாறுங்கள். அப்போதும் போகாவிட்டால் எலும்பு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்து தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், அது வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.